பனோரமா மேடையில் ஸ்டீல்பான் வாசிக்க: வெளிநாட்டிலிருந்து டிரினிடாட் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு, டிரினிடாடின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் குயின்ஸ் பார்க் சவன்னா திடலில், ஸ்டீல்பான் குழுக்களின் போட்டியான பனோரமாவின் இறுதிப்போட்டி நடக்கும். உலோக டிரம்மின் தகட்டில் சுரங்களை அமைத்து, குச்சியால் தட்டி வாசிக்கும் கருவிதான் ஸ்டீல்பான், சுருக்கமாகப் பான். பெரிய குழு ஒன்றில் 120 பேர் வரை வாசிக்கலாம். மேடையில் கிடைப்பது 8 நிமிடம். அந்த 120 பேரில் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தவர்கள் ஆண்டுதோறும் இருப்பார்கள். நீங்களும் இருக்கலாம்.

இணையத்தில் தேடினால் இறுதிப்போட்டிக்கு டிக்கெட் வாங்குவது எப்படி என்றுதான் வரும். குழுவில் சேர்ந்து வாசிப்பது எப்படி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பெரும்பாலான குழுக்களில் அதற்குக் கட்டணமும் இல்லை, விண்ணப்பப் படிவமும் இல்லை. நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், பாட்டை முழுசாகக் கற்க வேண்டும், அவ்வளவுதான். பலர் கோட்டைவிடுவது முதல் விஷயத்தில்தான்.

1. முதலில் நாட்காட்டி

கார்னிவல் என்பது சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும். ஈஸ்டர் நகர்வதால் இதுவும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2027-இல் பிப்ரவரி 8, 9. 2028-இல் பிப்ரவரி 28, 29. பெரிய குழுக்களின் இறுதிப்போட்டி அதற்கு முந்தைய சனிக்கிழமை என்று வையுங்கள். அரையிறுதி வழக்கமாக அதற்கு இரண்டு வாரம் முன்பு. முதல் சுற்று அதற்கும் முன்பு, ஜனவரியில். அந்தச் சுற்றுக்கு நடுவர்கள் பான்யார்டுக்கே, அதாவது குழு பயிற்சி செய்யும் இடத்துக்கே, வந்து கேட்பார்கள். துல்லியமான அட்டவணையைப் போட்டியை நடத்தும் பான் டிரின்பேகோ வெளியிடும்.

கார்னிவல் சீக்கிரம் வரும் ஆண்டில் ஆபத்து அதிகம். 2027 அப்படிப்பட்ட ஆண்டு. புத்தாண்டு முடிந்ததும் பெரிய குழுக்கள் முழு வேகத்தில் இறங்கிவிடும். சில குழுக்கள் டிசம்பரிலேயே தொடங்கிவிடும். ஜனவரி முதல் வாரத்துக்குள் நீங்கள் அங்கே இருந்தால் நல்லது. அரையிறுதிக்குப் பிறகு போய் இறங்கினால், ஏற்கெனவே நன்றாக வாசிக்கத் தெரிந்தவராக இருந்தாலொழிய இடம் கிடைக்காது. கடைசி நேரத்தில் வந்து இரண்டே இரவில் பாட்டைப் பிடித்துக்கொள்ளும் 'கிராக் ஷாட்' வாசிப்பாளர்கள் உள்ளூரிலேயே நிறையப் பேர். அவர்களோடு போட்டி போட முடியாது.

முழுதாக 5 வாரம் விடுப்பு கிடைக்காதவர்கள் கார்னிவல் தாமதமாக வரும் ஆண்டுக்குக் காத்திருங்கள். 2028-இல் ஜனவரி நடுவில் போனாலும் 5 வாரத்துக்கு மேல் கையில் இருக்கும்.

2. குழுவின் பெயரைப் பார்க்காதீர்கள், அரேஞ்சரைப் பாருங்கள்

பாட்டு, டிரினிடாடின் கலிப்ஸோ அல்லது சோகா பாணியில் பாடும் ஒருவருடையதாக இருக்கும். ஆனால் மேடையில் கேட்பது அரேஞ்சர் கட்டிய இசை. 3 நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்து, முன்னிசை, பல்லவி, சரணம், அவற்றின் மாற்று வடிவங்கள், மைனர் சுருதிக்கு மாறும் பகுதி, தாளம் கொதிக்கும் 'ஜாம்', முடிப்பு என்று 8 நிமிடத்துக்கு விரித்துக் கட்டுவார்கள். அந்த வேலையை யார் செய்கிறார் என்பதுதான் உங்கள் ஒரு மாதத்தைத் தீர்மானிக்கும்.

போவதற்கு முன் குறைந்தது இவர்களுடைய பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகுங்கள். ரெனிகேட்ஸ் குழுவுக்கு 9 முறை பட்டம் வாங்கித் தந்த ஜித் சமரூ. லோபினோ பக்கத்து சர்ரி கிராமத்தின் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1995, 96, 97 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். அவருடைய ஓட்டங்கள் வேகமானவை, ஒரு சுரத்தைக்கூட விடாமல் இறங்கும். டெஸ்பெராடோஸுக்கு அரேஞ்ச் செய்த கிளைவ் பிராட்லி இதற்கு நேர் எதிர். இடம் விட்டு, மூச்சு விட்டு, தாளத்தை ஆட வைப்பவர். ஃபேஸ் டூ குழுவின் லென் 'பூக்ஸி' ஷார்ப் பான்யார்டில் நின்றபடியே புதிது புதிதாகப் போடுபவர், போட்டதை மாற்றவும் தயங்காதவர். ரே ஹோல்மன் 1972-இல் ஸ்டார்லிஃப்ட் குழுவுக்காகத் தாமே இயற்றிய பாட்டோடு போட்டிக்கு வந்து, 'பான்காரர்களும் பாட்டு எழுதலாம்' என்ற வழக்கத்தைத் திறந்துவிட்டவர். இன்றைய தலைமுறையில் 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ரெனிகேட்ஸை வெல்ல வைத்த டுவோன் ஸ்டூவர்ட்.

இதைக் கேட்பது ரசனைக்காக மட்டுமல்ல. வேகமான ஓட்டங்கள் போடும் அரேஞ்சரிடம் புதியவர், மெலடி வாசிக்கும் டெனர் பானுக்குப் போனால் திணறுவார். கடைசி வாரம் வரை மாற்றும் அரேஞ்சர் என்றால் ஒரு நாள்கூடப் பயிற்சியைத் தவறவிட முடியாது. அந்த ஆண்டு எந்தக் குழுவுக்கு யார் அரேஞ்சர் என்பது மாறலாம். உறுதி செய்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

குழு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆல் ஸ்டார்ஸ் டியூக் தெருவில், ரெனிகேட்ஸ் சார்லட் தெருவில், இரண்டும் நகரின் மையப்பகுதி. ஃபேஸ் டூ உட்புரூக்கின் ஹாமில்டன் தெருவில். எக்ஸோடஸ் கிழக்கே செயின்ட் அகஸ்டினில், ஈஸ்டர்ன் மெயின் ரோட்டில். உங்கள் அறை பான்யார்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சவன்னாவுக்குப் பக்கத்தில் அல்ல. ஒரு மாதம் தினமும் போகப்போவது பான்யார்டுக்குத்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நடுத்தர அல்லது சிறிய குழுவை நான் சிபாரிசு செய்வேன். கூட்டம் குறைவு என்பதால் உங்கள் தவறு சீக்கிரம் காதில் விழும், சீக்கிரம் திருத்துவார்கள்.

3. எந்தக் கருவி

எல்லோரும் டெனரைத்தான் கேட்பார்கள், மெலடி அதில் இருப்பதால். அதனாலேயே அங்கே நெரிசல் அதிகம், தேர்வும் கடுமை. புதியவர்களுக்கு டபுள் செகண்ட் நல்லது. மெலடிக்கு ஒத்து வாசிப்பதும் உண்டு, கார்டுகளைத் தாளத்தோடு தட்டும் 'ஸ்டிரம்' செய்வதும் உண்டு. இடங்களும் அதிகம்.

சுரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை இங்கேயே மனப்பாடம் செய்துவிடலாம்:

டெனர் ஒற்றைப் பான். சுரங்கள் பானில் அமைந்திருக்கும் முறைதான் அடுக்கு. இன்று பரவலாக இருப்பது டோனி வில்லியம்ஸ் வகுத்த நாலு-ஐந்து அடுக்கு. வெளிவட்டத்தில் 12 சுரங்கள். எந்தச் சுரத்தை ஸட்ஜமாக வைத்தாலும் ஒரு பக்கத்து அண்டை பஞ்சமம், மறுபக்கம் சுத்த மத்யமம். அதே சுரத்தின் மேல் ஸ்தாயி நேர் உள்ளே இருக்கும்.

டபுள் செகண்டில் இரண்டு பான்கள். ஒவ்வொன்றிலும் முழுத்தொனி இடைவெளியில் 6 சுரங்கள். சங்கராபரணம் தெரிந்தவர்கள் இப்படி நினைவு வைக்கலாம்: ச, ரி, க ஒரு பானில், ம, ப, த, நி மற்றதில், மேல் ச மறுபடி முதல் பானில். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் இது மாறாது. டபுள் கிட்டார் பானும் இதே கணக்குத்தான்.

டிரிபிள் செல்லோவில் மூன்று பான்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றரைத் தொனி இடைவெளியில் வரும் டிமினிஷ்டு கார்டின் நாலு சுரங்கள். பேஸ் முழு நீள டிரம்கள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று வரும். ஆறு பேஸில் டிரம்முக்கு மூன்று சுரம், மொத்தம் 18. உடம்பே சுழல வேண்டியிருக்கும், முதுகு வலி உள்ளவர்கள் தவிர்க்கவும்.

இன்வேடர்ஸ் குழுவின் டெனர் எலி மானெட்டின் தனி அடுக்கில் வரும். குவாட்ரஃபானிக், நாலு பான் போன்றவையும் குழுவுக்குக் குழு வேறுபடலாம். ஒரு அடுக்கைக் கற்று, வேறு அடுக்குள்ள குழுவில் போய் நிற்பது வழக்கமாக நடக்கும் விபத்து. குழுவை முடிவு செய்த பிறகு அடுக்கைக் கற்கவும்.

'எஞ்சின் ரூம்' எனப்படும் தாளப் பிரிவில் வாகன பிரேக் டிரம்மைத் தட்டும் 'அயர்ன்' எளிதாகத் தெரியும். அந்த இடத்தைக் கேட்காதீர்கள். மொத்தக் குழுவின் வேகமும் அவர்கள் கையில். பல ஆண்டு அனுபவசாலிகளுக்குத்தான் அது.

4. கிளம்பும் முன் பயிற்சி

லண்டனில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நாட்டிங் ஹில் கார்னிவலைச் சுற்றியுள்ள எபனி, மேங்க்ரோவ் போன்ற குழுக்கள் இருக்கின்றன. டொராண்டோவிலும் கரீபியன் சமூகத்தின் ஸ்டீல் குழுக்கள் உண்டு. ஒரு கோடைக் காலம் அங்கே வாசித்துவிட்டு டிரினிடாட் போனால் பாதி வேலை முடிந்தது.

சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்குக் கருவி கிடைப்பதுதான் சிக்கல். ஆன்லைன் கடைகளில் 'ஸ்டீல் டிரம்' என்று தேடினால் டங் டிரம்மும் ஹேண்ட்பானும்தான் வரும். இரண்டும் ஸ்டீல்பான் அல்ல. இரண்டிலும் எல்லாச் சுரங்களும் இருக்காது. அதில் பழகினால் எதுவும் உதவாது. நல்ல டெனர் ஒன்று ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் போகும். முதல் ஆண்டுக்கு வாங்கத் தேவையே இல்லை. போட்டிக்கான கருவிகள் குழுவுக்குச் சொந்தமானவை, சக்கரம் வைத்த ரேக்கில் மாட்டியிருக்கும்.

சுமார் 57 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தை அட்டையில் வெட்டி, சுரங்களை உண்மையான அளவில் வரைந்து, இடுப்பு உயரத்தில் வைத்துக் குச்சியால் பழகுங்கள். ஒலி வராவிட்டாலும் கை இடம் அறியும். நேரத்தில் பாதியை 'ரோல்' பழகச் செலவிடுங்கள். நீண்ட சுரத்தைப் பிடிக்க இரு கையும் மாறி மாறி விரைவாகத் தட்டுவதுதான் ரோல். புதியவர்களுக்கு இடக்கை பலவீனமாக இருக்கும், அதனால் ரோல் நொண்டும். பிரிவுத் தலைவர் முதலில் கவனிப்பது இதைத்தான்.

5. ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, கையில் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் அச்செடுத்து வைத்திருங்கள். விசா விதி நாட்டுக்கு நாடு வேறு. இந்தியர்கள் புது டெல்லியில் உள்ள டிரினிடாட் டொபேகோ உயர் ஆணையத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைச் செய்யவும்.

அதைவிடப் பெரிய பொறி இடைவழி விசா. அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியர்களுக்கு விசா வேண்டும். கனடா, பிரிட்டன் வழிகளுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. விலை குறைவு என்று நியூயார்க் அல்லது மியாமி வழி டிக்கெட் போட்டுவிட்டு, சென்னையிலேயே ஏற விடாமல் திருப்பி அனுப்பப்படுவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போகும்போது யாரும் கேட்காமல் இருக்கலாம். திரும்பும்போது இந்தியாவில் கேட்பார்கள். டிரினிடாட் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும், ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் என்பதால் முன்கூட்டியே விசாரித்து, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். இலங்கைக்குத் திரும்புகிறவர்களும் இதே ஊசியைப் போட்டுக்கொண்டே கிளம்பவும்.

குடிநுழைவு அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், கார்னிவலுக்கு, பான்யார்டில் வாசிக்க என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஊதியத்துக்கு வாசிக்க வந்ததாகப் பொருள்படப் பேசினால் வேலை அனுமதி பற்றிய கேள்வி வரும். வெளிநாட்டிலிருந்து போகிறவர் வருமானத்தை எதிர்பார்க்கவும் கூடாது.

இன்னொன்று: ராணுவ உடை மாதிரி வண்ணத் திட்டு போட்ட (கேமஃப்ளாஜ்) உடை டிரினிடாடில் சட்டப்படி தடை. பெட்டியில் தொப்பியோ பையோ அப்படி இருந்தாலும் பறிமுதல்தான்.

6. செலவு

சென்னையிலிருந்து போய்வர, ஜனவரி–பிப்ரவரி சீசனில் விமானத்துக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஒதுக்குங்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது.

தங்குமிடத்தில்தான் பணம் கரையும். கார்னிவல் வாரத்துக்கு விடுதிகள் விலையைப் பல மடங்கு ஏற்றும். 5, 6 இரவு மொத்தமாக எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். ஜனவரி தொடக்கத்திலிருந்து கார்னிவல் முடியும் வரை ஒரே அறையை மாத வாடகைக்குப் பேசுங்கள். கார்னிவல் வாரமும் அதில் அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் கடைசி வாரத்தில் வாடகை ஏறும் அல்லது காலி செய்யச் சொல்வார்கள். நகரக் குழுக்களுக்கு உட்புரூக், செயின்ட் ஜேம்ஸ், பெல்மான்ட். கிழக்குக் குழுக்களுக்கு பல்கலைக்கழகம் இருக்கும் செயின்ட் அகஸ்டின், கியூரெப் பக்கம்.

ஒரு அமெரிக்க டாலருக்கு 6.7 டிடி (டிரினிடாட் டொபேகோ) டாலர் அளவில் கிடைக்கும். அமெரிக்க டாலராகக் கொண்டுபோய்ச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். அங்கே அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. மிஞ்சிய டிடி டாலரைத் திரும்ப மாற்றுவது கஷ்டம், ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள்.

போக்குவரத்துக்கு மேக்ஸி டாக்ஸி எனப்படும் சிறு பேருந்து மலிவு. மேற்குப் பக்கம் மஞ்சள் பட்டை, கிழக்கே சிவப்பு, நடுப்பகுதிக்கும் தெற்குக்கும் பச்சை. நம்பர் பிளேட் 'எச்' என்று தொடங்கினால் உரிமம் பெற்ற வாடகை வண்டி. 'பி' என்று தொடங்கும் சொந்த வண்டிகளும் ஆள் ஏற்றும். அவற்றில் ஏறாதீர்கள், அதுவும் இரவில்.

சாப்பாட்டுக்கு அதிகம் ஆகாது. கடலைக் குழம்பு வைத்த 'டபுள்ஸ்' தெருவுக்குத் தெரு கிடைக்கும். சைவர்கள் ஒரு மாதம் தாராளமாகச் சமாளிக்கலாம்.

7. பான்யார்டில் முதல் நாட்கள்

பயிற்சி பொதுவாக மாலை 7 மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை போகும். போட்டி நெருங்கினால் அதற்கும் மேல். முதல் நாள் குச்சியை வெளியே எடுக்காமல் நின்று கேளுங்கள். பிறகு கேப்டனிடமோ உங்கள் கருவியின் பிரிவுத் தலைவரிடமோ போய்ப் பெயர், எந்த ஊர், எந்தக் கருவி, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள். 'இறுதிப்போட்டி வரை இருக்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். முன்கூட்டியே குழுவின் சமூக வலைப் பக்கத்தில் எழுதிக் கேட்கலாம், கேட்பது நல்லதும்கூட. ஆனால் பதில் வந்ததையே இடம் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பானின் மேல் கையை ஊன்றக் கூடாது. பாட்டில், போன் எதையும் வைக்கக் கூடாது. சுரப்பகுதி மெல்லிய தகடு, அழுத்தினால் சுருதி போகும். குச்சி நுனியில் சுற்றிய ரப்பர் தேய்ந்து உள்ளேயிருக்கும் மரமோ அலுமினியமோ தகட்டில் பட்டால் ஒலி கீச்சென்று வரும், தகடும் கெடும். தினமும் நுனியைத் தடவிப் பாருங்கள். இரண்டு ஜோடி வைத்திருங்கள். டெனருக்குச் சின்ன நுனி, டபுள் செகண்டுக்குச் சற்றுப் பெரியது, பேஸுக்குப் பஞ்சு ரப்பர் உருண்டை. ஒன்றின் குச்சியை மற்றதில் பயன்படுத்த முடியாது.

காதடைப்பான் கட்டாயம். கூரைக்குக் கீழே நூறு பான்கள் 4, 5 மணி நேரம் ஒலிக்கும். விரல்களுக்குத் துணி டேப்பும் வேண்டும். இரண்டாம் நாளே ஆள்காட்டி விரலின் உட்பக்கம் கொப்புளம் வரும்.

8. பாடம் கேட்பது

எழுதிய சுரக்குறிப்பு பெரும்பாலும் கிடையாது. அரேஞ்சர் ஒரு வரியைப் பிரிவுத் தலைவருக்குக் காட்டுவார், அவர் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார், நீங்கள் திரும்ப வாசிக்க வேண்டும். குருவிடம் நேரில் பாடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வழிதான். மேற்கத்திய இசைப்பள்ளியில் தாளைப் பார்த்தே வாசித்துப் பழகியவர்கள்தான் முதல் வாரம் தடுமாறுவார்கள்.

போனில் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். தனிப் பயிற்சிக்கு என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அதை எங்கும் வெளியிடாதீர்கள். போட்டிக்கு முன் புது அரேஞ்ச்மென்டை வெளியே விடுவதை எந்தக் குழுவும் பொறுக்காது.

பகலில் பான்யார்டு காலியாக இருக்கும். அனுமதி வாங்கி மதியம் 2 மணி நேரம் போய்த் தனியாக மெதுவாக வாசியுங்கள். மாலையில் மொத்தக் குழுவும் வேகமாக ஓடும்போது தவறைத் திருத்த நேரமே இருக்காது. தெரியாத இடத்தில் ஊகித்துத் தட்டாதீர்கள், கையை நிறுத்திவிடுங்கள். தவறான ஒரு சுரம் பக்கத்தில் நிற்பவர்களையும் கெடுக்கும். மௌனத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

9. இடம் உறுதியாவது

120 என்பது உச்ச வரம்பு. பயிற்சிக்கு வருகிறவர்கள் அதற்கு மேலும் இருப்பார்கள். கடைசி வாரங்களில் பிரிவுத் தலைவர் ஒவ்வொருவரையும் தனியாகவோ இரண்டு இரண்டு பேராகவோ வாசிக்கச் சொல்வார். முழுப் பாட்டும் நிற்காமல் வர வேண்டும். இதோடு வருகையும் பார்க்கப்படும். கார்னிவல் விருந்துகளுக்குப் போய்ப் பயிற்சியைத் தவறவிடுகிறவர்கள் இங்கேதான் விழுவார்கள். வாசிப்பாளர் பதிவுக்குக் கடவுச்சீட்டு நகல் கேட்டால் உடனே கொடுங்கள். இரண்டு குழுக்களில் வாசிக்க ஆசை வந்தால், அந்த ஆண்டு விதி என்ன என்று இரு கேப்டன்களிடமும் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

மதிப்பெண் வழக்கமாக அரேஞ்ச்மென்டுக்கு 40, மொத்த வாசிப்புக்கு 40, தொனிக்கு 10, தாளத்துக்கு 10. உங்கள் கையில் இருப்பது அந்த இரண்டாவது 40. மெல்ல வாசிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ஓங்கித் தட்டினாலும் அது போய்விடும்.

10. சவன்னா இரவு

குழு கூடும் இடத்துக்கு மதியமே போய்விடுங்கள். ரேக்குகளை ஆட்கள் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போகும் நீண்ட பாதையில் வரிசையாக நிற்பார்கள். அங்கேயே கடைசிப் பயிற்சி நடக்கும். காத்திருப்பு பல மணி நேரம் ஆகலாம். தண்ணீர், ரப்பர் சுற்றிய இரண்டாவது ஜோடிக் குச்சி, சின்னத் துண்டு, குழுவின் டி-ஷர்ட் (சில குழுக்களில் காசு கொடுத்து வாங்க வேண்டும்) போதும். பெரிய பையை எடுத்துப் போனால் வைக்க இடமில்லை. கழுத்துச் சங்கிலி, தளர்ந்த வளையல் வேண்டாம், பானில் உரசும்.

ரேக் நகரும்போது உங்கள் காலை அதன் சக்கரத்துக்கு வெளியே வையுங்கள். மேடைச் சரிவில் ஏறும்போதுதான் காயம் படும். நின்றதும் உங்கள் பான் அசையாமல் இருக்கிறதா, ஸ்டாண்டின் உயரம் சரியா என்று பாருங்கள், அதற்கு மேல் நேரம் இருக்காது. விளக்கு வெளிச்சத்தில் தகடு பளபளத்துச் சுர எல்லைகள் தெரியாமல் போகும். அதனால் கடைசி வாரத்தில் கண்ணை மூடி வாசித்துப் பழகியிருக்க வேண்டும். 8 நிமிடத்தைத் தாண்டினால் மதிப்பெண் குறையும் என்பதால், அயர்ன் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் அதோடு போங்கள். உங்கள் மனதில் இருக்கும் வேகத்தைப் பிடிக்காதீர்கள்.

முடிவு வர நள்ளிரவு தாண்டும். திங்கள் விடிகாலை ஜூவே ஊர்வலத்தில் பல குழுக்கள் பானோடு தெருவில் இறங்கும். அதற்கும் உங்களைக் கூப்பிடுவார்கள், அதனால் திரும்பும் டிக்கெட்டைச் சாம்பல் புதனுக்கு முன்பு போடாதீர்கள். புதன், வியாழன் விமானங்கள் நிரம்பி வழியும், வெள்ளி அல்லது சனி பாருங்கள். கருவி வாங்கிக்கொண்டு வந்தால் ரசீதைக் கையில் வையுங்கள், வரம்பைத் தாண்டிய மதிப்புக்குச் சுங்கம் கட்ட வேண்டியிருக்கும். டெனர் பெட்டி விமானத்தின் மேல் அலமாரியில் அடங்காது, அளவு மீறிய சாமானாக முன்பதிவு செய்ய வேண்டும். குச்சிகளைப் பெரிய பெட்டியிலும், மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கைப்பையிலும் போடுங்கள்.